பிழை பார்க்கிற மனுசி

கிண்ணியா,
17.03.2007

அன்பு மகன் ஜவாஹிர் அறிய, உம்மம்மா ஸல்ஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் எல்லாரும் சுகம்.

முதலில் நல்ல செய்திகள். உன் தங்கச்சி ஸுல்பிகா யூனிவர்சிட்டிக் கம்பஸுக்கு எடுபட்டுவிட்டாள். தம்பி கலீலுர் றஹ்மானுக்கு ஓஎல் சோதனையில் எல்லாப் பாடத்துக்கும் ஏ. மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். சின்னவள் றுக்கியா குர்ஆன் ஓதி முடித்தாள், தெருவுக்கே பணியாரம் கொடுத்தோம். இவர்களுக்கெல்லாம் மேலே நீ. உலகத்தில் யாரும் காசில்லாமல் சும்மா எடுத்துப் பாவிக்கிற கொம்பியூட்டர் சிஸ்டத்தில், நோர்வேயில் இருந்து பிழை திருத்துகிறாயாம். ஒரு மெஷின் இன்னொன்றோடு கதைத்து முடிந்த பிறகும் லைனை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றதாம். நீதான் அதைக் கண்டுபிடித்தாயாம். துறையடியில் படகுக்கு நின்ற சனத்துக்கெல்லாம் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஸுல்பிகா இன்னொன்றும் சொன்னாள். நீ திருத்தி அனுப்பியதை யாரோ வெள்ளைக்கார மனுசி இரண்டு தரம் திருப்பி அனுப்பினாவாம். என் பேரனுக்குப் பிழை சொல்ல அவ யார்? ஒருத்தர் திருத்தினால் இன்னொருத்தர் பார்த்து ஓம் என்றால்தான் சேர்ப்பார்களாம், அது அங்கத்தைய முறையாம். "அவவுக்கும் உங்கட வயசுதான் உம்மம்மா" என்று சிரிக்கிறாள், குறும்பி.

சரி, முறை என்றால் இருக்கட்டும். அவவுக்கு நன்றி என்று உலகமே பார்க்க நெட்டில் எழுதி வைத்திருக்கிறாயாமே! நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் உன் சிலேற்றில் முதல் பிழை பார்த்தது நான். அதை எங்கே எழுதி வைத்தாய்?

அவ எழுதினால் அன்றைக்கே உன் பதிலாம். எனக்கு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு வரி இல்லை. தபால் ஒழுங்கில்லை, தெரியும். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த மூதூர்ச் சனத்தில் கொஞ்சம் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் கிடக்கிறது. இரவில் ஷெல் சத்தம். இருந்தாலும் மனம் கேட்குதில்லை.

நெட் கடையில் ஸுல்பிகா உங்கள் கூட்டத்துப் படத்தைத் திறந்து காட்டினாள். அந்த மனுசி உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறா. கையில் இருந்து கண்ணை எடுத்து உன் முகத்துக்கு வருமுன் கரண்ட் போய்விட்டது. மெலிந்தாயா, தாடி விட்டாயா, ஒன்றும் தெரியாது. ஊர் பேர் தெரியாத ஆக்களெல்லாம் பார்த்த முகம்.

இங்கே வா என்று கேட்கமாட்டேன் மகன். துறையடியில் ஆமிக்காரர் பொடியன்மாரை இறக்கி விசாரிக்கிறார்கள். நீ அங்கேயே இரு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒரு புதுப்படம் மட்டும் எடுத்துத் தபாலில் அனுப்பு, கையில் பிடிக்கிற படம். தனிய நில். எடுக்க ஆள் இல்லாவிட்டால் அந்த மனுசியையே எடுக்கச் சொல். படத்துக்குள்ளே மட்டும் வரவேண்டாம்.

துஆவோடு,
உன் உம்மம்மா