நகர்த்தி வைத்த ஓடை

ஓடைக்கரைப்பட்டி,
வன்னியம்பட்டி வழி
11-02-2024

அன்புள்ள மச்சானுக்கு,

மாரிக்கனி எழுதுவது. மாமா, அத்தை, நான் எல்லோரும் நலம். எல்லையில் பனி குறைந்ததா? போனில் கிடைக்கிற ரெண்டு நிமிடம் ‘சாப்பிட்டீர்களா’ என்பதிலேயே போய்விடுகிறது. உங்களுக்குப் பின்னால் வேறு நாலு பேர் நிற்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளமில்லாத வேலை, சிரிக்காதீர்கள். ராஜபாளையத்திலிருந்து ஜுவைரியா என்ற பெண் வந்து எங்கள் மகளிர் குழுவுக்கு ஊர் வரைபடம் போடக் கற்றுத் தருகிறாள். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், நடந்த தடம் கோடாக விழுகிறது. பிறகு கிணறு, குழாய், தெருவிளக்கு என்று நாமே பெயர் போட வேண்டும். பொது வரைபடம். யாரும் பார்க்கலாம், தப்பென்றால் யாரும் திருத்தலாம். இதை வைத்துத்தான் கீழத்தெருவுக்கு வடிகாலும் பாலமும் கேட்கப் போகிறோம். மழைக்காலம் வந்தால் அந்தப் பதினோரு வீட்டிலும் முழங்கால் தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியாததா.

நேற்று மலையடிவாரத்திலிருந்து ஓடையோடு நடந்து வந்தோம். கீழத்தெரு குருவம்மாள் அக்காதான் வழி காட்டினாள். நம் தென்னந்தோப்புச் சுவரோடு ஓடை நின்றுவிட்டது. தோப்பைத் தாண்டியதும் மறுபடி தொடங்குகிறது. அக்கா வெளியிலேயே நின்றுகொண்டாள். “இதுக்கு மேல நான் வரல தாயி. ஒங்க தோட்டம். நீயே பாத்துப் போட்டுக்க” என்றாள். நான் உள்ளே போய், மூன்றாம் வரிசைக்கும் நாலாம் வரிசைக்கும் நடுவே நடந்து கோட்டைச் சேர்த்துவிட்டேன். ஓடை எப்படி மூடிப்போனது மச்சான்? மாமாவிடம் கேட்கத் தைரியமில்லை.

உங்கள்,
மாரிக்கனி

*

03-03-2024

அன்பு மாரிக்கனிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பக்கத்துக் கட்டில்காரன் கேலி செய்கிறான், செய்யட்டும்.

அப்பா போனில் பேசினார். “ஏலே, ஒம் பொண்டாட்டி தோப்ப ஊருக்கு எழுதிக் குடுத்துட்டா” என்றார். யார் அவரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஓடையை மூடியது நான்தான். பட்டாளத்தில் சேருவதற்கு முந்தின வருடம். அப்பா சொன்னார், நான் டிராக்டர் ஓட்டினேன். நாலு நாள் மண்ணடித்தோம். குருவம்மாளின் புருஷன் இசக்கிமுத்து வந்து, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா என்னைப் பார்த்து, ஓட்டு என்று கையசைத்தார். நானும் வண்டியை நிறுத்தவில்லை.

அந்தக் கோட்டை எடுத்துவிடு. கிழக்கே ரோட்டோரமாகத் தள்ளிப் போட்டுவிடு. ஓடை அரசு நிலம், அளக்க ஆள் வந்தால் அறுபது மரம் போகும். அப்பாவுக்கு அது தாங்காது. இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நான் வேறென்ன சொல்ல முடியும்? கோபித்துக்கொள்ளாதே.

உன்,
சேதுபதி

*

ஓடைக்கரைப்பட்டி
21-04-2024

அன்புள்ள மச்சானுக்கு,

எடுத்துவிட்டேன்.

மாமா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அத்தை என் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் விரலால் கோட்டை ரோட்டோரத்துக்கு நகர்த்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜுவைரியா கண்டுபிடித்துவிட்டாள். “நீங்க நடந்து போட்ட கோடுதானேக்கா. ஏன் மாத்துனீங்க?” என்று கேட்டாள். முதலில் போட்டது தப்பு என்றேன். என் முகத்தையே பார்த்தாள். யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்பது அதிலேயே பதிந்திருக்கும், அதை யாராலும் அழிக்க முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வடிகாலும் பாலமும் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடும்போது குருவம்மாள் அக்கா படத்தைப் பார்க்கவேயில்லை. நான் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள்.

மாரிக்கனி

*

ஓடைக்கரைப்பட்டி
24-11-2024

மச்சானுக்கு,

புரட்டாசியில் பாலமும் வடிகாலும் கட்டி முடித்தார்கள். நான் கோடு போட்ட இடத்தில், ரோட்டோரத்தில்.

திங்கட்கிழமை மலையில் மழை. விடியற்காலை தண்ணீர் அதன் பழைய வழியிலேயே வந்தது. நம் தோப்புச் சுவரைத் தள்ளிக்கொண்டு நேரே கீழத்தெருவுக்குள் போனது. பாலத்துக்கு அடியில் கணுக்கால் நனையவும் தண்ணீர் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

இசக்கிமுத்து அண்ணன் பக்கவாதத்தில் படுத்திருந்தது உங்களுக்குத் தெரியும். அக்கா பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அவரைத் தூக்க ஆள் கூட்டி வந்தாள். அதற்குள் வீட்டுச் சுவர் அவர் மேல் விழுந்துவிட்டது.

மலையில் பெய்ததற்கு நாம் என்ன செய்ய முடியும் என்கிறார் மாமா. ஊரில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அக்காவும்தான். கோட்டை நான் நகர்த்தியதை அக்காவிடம் சொல்லிவிடவா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

மாரிக்கனி

*

15-12-2024

மாரிக்கனி,

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. நீ யாரிடமும் சொல்லாதே. போனவர் திரும்பி வரப் போவதில்லை. உன் பெயர்தான் அந்தப் படத்தில் இருக்கிறது, உன்னைத்தான் இழுப்பார்கள். எனக்கும் இங்கே உறக்கமில்லை. கும்பிட்ட கைதான் கண்ணில் நிற்கிறது. என்னிடம் எதுவும் கேட்காதே.

சேதுபதி

*

ராஜபாளையம்
12-01-2025

மச்சானுக்கு,

அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

கோட்டைப் பழைய இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டேன். நானும் ஜுவைரியாவும் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போய், கோட்டை மாற்றியது நான்தான் என்று எழுதிக் கொடுத்தோம். பாலத்துக்கு இனி எதுவும் செய்ய முடியாது, அந்தத் திட்டம் முடிந்துபோன திட்டம் என்றார்கள். ஓடையை அளப்பதற்குத் தேதி கேட்டோம். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லவில்லை.

அதற்கு முன்பே அக்காவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் மண்ணடித்ததைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்கு அன்றைக்கே தெரியும். கோட்டை நான் நகர்த்தியதுதான் தெரியாது. அவள் கத்தவில்லை. இவ்வளவுதான் சொன்னாள்: “நீ மாத்தாட்டியும் ஒங்க மாமனாரு விட்டிருக்க மாட்டாரு தாயி. எனக்கு வெளங்குது. ஆனா இனிமே இந்தத் தெருவுக்கு வராத.”

பேத்தி எனக்குக் கொண்டுவந்த தண்ணீரை அக்காவே கையில் வாங்கி வாசலில் ஊற்றினாள்.

மாசியில் உங்களுக்கு லீவு என்று மாமா யாரிடமோ சொன்னாராம். எனக்கு நீங்கள் எழுதவில்லை. வந்தால் வீட்டுக்குப் போகும் முன் கீழத்தெருவுக்குப் போங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சொல்லிப் பயனும் இருக்காது. இருந்தாலும் போய் நில்லுங்கள். நின்றுவிட்டு இங்கே வாருங்கள், சோறு வைக்கிறேன்.

போக முடியாது என்றால் ராஜபாளையத்துக்கு வர வேண்டாம்.

மாரிக்கனி