சுவரில் தொங்கும் மீன்

டுலூத், மினசோட்டா
டிசம்பர் 2

பிரதிவாதியாகிய என் தம்பிக்கு,

பதினோரு வருடமாக என் போனை எடுக்காதவன், கிறிஸ்துமஸ் வாழ்த்தைக்கூடத் திருப்பி அனுப்பியவன், கோர்ட் சம்மனை மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கினாயாமே! வழக்கு இதுதான்: நீ பாடம் செய்து சுவரில் மாட்டியிருக்கும் அந்த மீன், என் தூண்டிலில் விழுந்தது.

கோர்ட் குமாஸ்தா லவெர்ன் மனுவைப் படித்துச் சிரித்தாள். "போன வாரம் ஒருத்தர், பக்கத்து வீட்டுப் பனிமனிதன் முறைக்குதுன்னு கேஸ் போட்டாரு. நீங்க மீனுக்கா?"

"அவன் நேர்ல வந்தாகணும்ல?"

"இது சின்ன வழக்குக் கோர்ட்டு. வக்கீல் கூடாது, அவரேதான் வரணும். வரலைன்னா நீங்க ஜெயிச்சிருவீங்க."

"அப்ப வந்துருவான். நான் ஜெயிச்சா அவனுக்குத் தூக்கம் வராது."

வசந்தத்தில் தேதி தருகிறேன் என்றாள். என் டாக்டர் போடும் கணக்குக்கு அது ஒத்துவராது. சண்டை போட்டு இந்த மாதம் பன்னிரண்டாம் தேதியை வாங்கினேன்.

மீனோடு வா. கோர்ட்டில் உன்னை லேசில் விடமாட்டேன். அதைப் பிடித்தது நீதான் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தையே நீதிபதியிடம் சாட்சியாகக் காட்டு. ஆனால் நீயே வந்து காட்டு.

இப்படிக்கு,
வாதி,
உன் அண்ணன்