நோயாளியின் பங்கு

அந்தியோக்கியாவிலிருந்து மல்லூக், தமஸ்குவில் மகள் வீட்டிலிருக்கும் என் மனைவி திர்சாவுக்கு எழுதுவது. உனக்கும் நோகாவுக்கும் அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் சமாதானம் உண்டாகட்டும்.

நோகாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டதா? உப்பைக் குறைக்கச் சொல். இங்கே அத்தி காய்த்துக் குலுங்குகிறது. நான் நலம். இந்த வாரம் எனக்குத் தொல்லையே அதனால்தான்.

நீ போன பிறகு நம் வீட்டில் ரொட்டி சுட ஆளில்லை. அதனால் வாரத்தின் முதல்நாள் எல்லோரும் கூடிச் சாப்பிடுவது பிலின்னா வீட்டுக்கு மாறிவிட்டது. துணிக்குச் சாயம் தோய்க்கும் அந்தக் கிரேக்க விதவைதான். எருசலேமிலிருந்து வந்த அப்போஸ்தலர்கள் இந்த ஊரில் முதலில் ரொட்டியைப் பிட்டது நம் கூடத்தில். அதை இப்போது யாரும் சொல்வதில்லை. முதல் வாரமே அபியேல், "வாத்தியாரே, தப்பா நினைக்காதீங்க. திர்சா அக்கா ரொட்டிக்குப் பல்லு வேணும். இது வாயில வச்சதும் கரையுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ரொட்டியைத் தொடுமுன், யாருக்காவது யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று ஒன்பது வருடம் நான்தான் சொல்லிவந்தேன். இப்போது அதையும் பிலின்னாவே சொல்கிறாள். பள்ளியில், பாயில் தன் இடத்தை இன்னொருவன் பிடித்துக்கொண்டான் என்று அழும் பிள்ளையிடம், பாய் எல்லோருக்கும் பொது என்பேன். அந்தப் பிள்ளை என்னை ஏன் அப்படிப் பார்த்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் கிரேக்கப் பெண், அதனால் மனம் ஒப்பவில்லை என்று சாக்குச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அது பொய். யூதப் பெண்ணாக இருந்திருந்தாலும் எரிந்திருப்பேன்.

முட்டி வலி என்று இரண்டு வாரம் போகவில்லை. வர முடியாத நோயாளிகளுக்கு அந்தப் பந்தியின் ரொட்டியில் பங்கு போகும் அல்லவா? போன வாரம் பிலின்னாவே துணியில் சுற்றி எடுத்து வந்தாள். "கூட்டம் ஜாஸ்தி, வாத்தியாரய்யா. ஒரு துண்டுதான் மிஞ்சுச்சு. சபுதி தாத்தாவுக்கா உங்களுக்கான்னு யோசிச்சேன். நீங்க ரெண்டு வாரமா வரலியே" என்றாள். சபுதி படுக்கையோடு கிடப்பவர். அவருக்குக் கொடு என்று சொல்லியிருக்கலாம். நான் கையை நீட்டினேன். அவள் தெருமுனை திரும்புமுன் தின்றும் முடித்தேன். ருசியாக இருந்தது, திர்சா. அதுதான் இன்னும் ஆத்திரம்.

மறுநாள் கேள்விப்பட்டேன்: சபுதி பொழுது சாயும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "என்னை மறந்துட்டாங்களா?" என்று மருமகளிடம் கேட்டாராம்.

போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். தலையைத் திருப்பி என் முட்டியைப் பார்த்தார். பிறகு, "முட்டி வலியா, வயித்தெரிச்சலாடா?" என்றார். இரண்டாவதுதான் என்றேன். "எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு. சொல்லாம அந்தப் பந்தியில உக்காராத" என்றார்.

இன்று மறுபடி முதல்நாள். வெயில் இறங்குமுன் எல்லோரும் கூடிவிடுவார்கள். மனத்தாங்கலைப் பற்றி பிலின்னா சொல்லும்போது, நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து நிற்கப் போகிறேன். பங்கு எடுத்துப் போகும்போது சபுதிக்கு நானே கொண்டுபோகிறேன் என்றும் சொல்வேன். அவள் மன்னிப்பாள். அவள் குணம் அப்படி. என் எரிச்சல் அதோடு போய்விடும் என்று உனக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

கர்த்தர் நோகாவுக்குச் சுகப்பிரசவம் தரட்டும். அவசரப்படாதே, பிள்ளை முகம் பார்த்து, நிதானமாகவே வா. வந்த பிறகு நாம் இருவரும் பிலின்னா வீட்டுக்கே போவோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள், யாரையும் கூப்பிடாமல், உன் கையால் எனக்கு மட்டும் ரொட்டி சுட்டுக் கொடு. எவ்வளவு கடினமாக இருந்தாலும் சரி.

உன்
மல்லூக்