நடுத்தெருவில் ஒரு சாப்பாட்டு மேஜை

ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சௌக்கியம்தானே? உன் மனைவிக்கு முதுகு வலி தேவலையா? போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நகராட்சிப் பொறியாளர் ஆனபின் அக்கா குரலே உனக்கு மனு மாதிரிக் கேட்கிறதோ என்னவோ.

எங்கள் தெருமுனையில் சாக்கடை மூடி உடைந்து, பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடப்பது உனக்குத் தெரியும். நேற்று மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியாமல் என் வகுப்புப் பெண் ஒருத்தி சைக்கிளோடு உள்ளே போய்விட்டாள். நான்தான் ஓடிப்போய் இழுத்தேன். அவளுக்குக் கை முறிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் மாடியில் நின்றபடியே, "பார்த்து வரக்கூடாதா பாப்பா?" என்றார்.

மனு எழுதி வீடு வீடாகப் போனேன். "நமக்கெதுக்கு டீச்சர் வம்பு?" என்பதையே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் பேனா எழுதவில்லை என்றார். நான் நீட்டிய பேனா நன்றாகத்தான் எழுதியது. ஒரே ஒரு கையெழுத்தோடு மனுவை இணைத்திருக்கிறேன், அது என்னுடையது. சீக்கிரம் மூடி போடு.

பாசமுள்ள,
அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. மூடி போட டெண்டர், அனுமதி என்று ஆயிரம் இருக்கிறது. சொந்த அக்கா தெருவுக்கு முதலில் போட்டால் ஆபீசில் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். தெருவில் யாருக்கும் இல்லாத அக்கறை உனக்கு மட்டும் எதற்கு? கைதானே, கூடிவிடும். கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள். முழங்கால் வலியோடு படி ஏறி இறங்காதே.

அன்புடன்,
தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

'கைதானே' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

இன்று காலை நம் சாப்பாட்டு மேஜையை இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளத்தின் மேல் போட்டுவிட்டேன். நாலு காலும் நாலு பக்கம், கனகச்சிதம். சிவப்புத் துண்டு கட்டி, பக்கத்தில் நாற்காலி போட்டு, விடைத்தாள் திருத்துகிறேன்.

பள்ளம் கண்ணில் படாதவர்களுக்கெல்லாம் மேஜை மட்டும் உறுத்துகிறது. கார் போக வழியில்லையாம். எதிர்வீட்டுக்காரர் மாடியை விட்டு இறங்கியே வந்துவிட்டார். இது பொது இடம் என்று எனக்குப் பாடம் எடுத்தார். "இவ்வளவு நாளா யார் இடம்னு நினைச்சீங்க?" என்று கேட்டேன். மறுபடி மாடி ஏறிவிட்டார்.

இப்போது என்மேல் புகார் எழுதி, தெருவே கையெழுத்துப் போட்டிருக்கிறதாம். எல்லார் பேனாவும் எழுதுகிறது போலிருக்கிறது.

அக்கா


ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இத்துடன் நோட்டீஸ் வருகிறது. பொதுப்பாதையை ஆக்கிரமித்ததாகப் போட்டிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். தெருவே புகார் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? ஆபீசில் என்னை 'மேஜைக்காரி தம்பி' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். மானம் போகிறது. மேஜையை உள்ளே எடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறேன், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

தம்பி


ஜூன் 28

நகராட்சிப் பொறியாளர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் நோட்டீஸ் கிடைத்தது. மூடிக்கு வராத அவசரம் மேஜைக்கு வந்ததில் மகிழ்ச்சி. பள்ளம் தங்களுடையது, மேஜை என்னுடையது. தங்களுடையதைத் தாங்கள் மூடினால், என்னுடையதை அன்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆள் அனுப்பித் தூக்கினாலும் கவலையில்லை. வீட்டில் இன்னும் கட்டில் இருக்கிறது, பீரோ இருக்கிறது.

இனி என் தம்பிக்கு. நோட்டீஸில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்டா. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வா. உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வைக்கிறேன். மேஜை தெருவில் இருக்கிறது, அதனால் சோறும் அங்கேதான். எல்லாரும் பார்க்க, அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடு. அது முடியாது என்றால் இனிமேல் நோட்டீஸ் மட்டும் அனுப்பு, அக்கா என்று எழுதாதே.

இப்படிக்கு,
மேஜைக்காரி