ஸ்டீரிங் திரும்பி வரலைங்க

அப்பா,

இன்று காலை காரமடைத் தேர் வீதியிலிருந்து பெரிய ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினேன். திருப்பி முடிந்ததும் கையைத் தளர்த்தினேன். ஸ்டீரிங் என் உள்ளங்கையை லேசாக உரசிக்கொண்டு, தானாகவே சுழன்று, நேராக வந்து நின்றது. அந்த உரசலில் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. சண்டை போட வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

எந்த வண்டி என்று கேட்பீர்கள். அதே பச்சைக் கார்தான். மில் முதலாளி வீட்டுக்கு நீங்கள் பதினாறு வருடம் ஓட்டிய கார். உங்கள் வேலையையும் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோன கார். இப்போது அது என் பெயரில் இருக்கிறது.

முதலாளி வீட்டு ஷெட்டில் சனிக்கிழமைகளில் அதைக் கழுவும்போது என்னையும் கூட்டிப் போவீர்கள். முன் இருக்கையில் என்னை ஏற்றி உட்கார வைப்பீர்கள். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவேன். அசையாது. "நிக்கிற வண்டி கனமாத்தான் கண்ணு இருக்கும்" என்று சிரிப்பீர்கள். ஓடுகிற வண்டியும் கனம்தான் என்பது உங்கள் தோளுக்குத் தெரியும். சாயந்திரம் அம்மா எண்ணெய் சுட வைத்துத் தேய்த்துவிடுவாள். அப்போதும் வண்டியை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். "வளைவுல திருப்பி உடறது நம்ம வேலை. திரும்பி வாரது அதோட வேலை. நல்ல வண்டின்னா அது வேலையை அது செய்யும்" என்பீர்கள்.

அது தன் வேலையைச் செய்யாத நாளில் எனக்குப் பதினோரு வயது. முதலாளியின் அம்மாவை ஆனைமலைக் கோயிலுக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். நல்ல பகல். தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓர் இடது வளைவு. வண்டி வளைந்தது, மறுபடி நேராகவில்லை. வளைந்த வாக்கிலேயே போய் ஒரு தென்னையில் மோதியது. அந்த அம்மாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. உங்களுக்கு வலது தோள் இறங்கிவிட்டது. என்ன நடந்தது என்று முதலாளி கேட்டபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னீர்கள்.

"ஸ்டீரிங் திரும்பி வரலைங்க."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலையில் மில் வாசலில் பேச்சு மாறியிருந்தது: டிரைவர் குடித்திருந்தான். சாயந்திரத்துக்குள் அந்தப் பேச்சு நம் தெருவுக்கு வந்துவிட்டது. குழாயடியில் பேசினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில், உங்களைக் குடியிலிருந்து மீட்கும்படி எழுந்து நின்று ஜெபித்தார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத நீங்கள், தோளில் கட்டோடு, கண்ணை மூடிக்கொண்டு "ஆமென்" என்றீர்கள். இதுதான் எனக்கு உங்களோடு உள்ள சண்டை. அந்த ஆமெனை நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது.

அதன் பிறகு மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டிக்குக் காவல்காரராகப் போனீர்கள். கடைசி வரை ஸ்டீரிங்கைத் தொடவில்லை. பஸ்ஸில் போனால் மட்டும் டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் இடம் பிடிப்பீர்கள். மலைப்பாதையில் அவர் திருப்பத் திருப்ப, மடியில் வைத்த உங்கள் கைகளும் திரும்பும். பார்க்காததுபோல நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வேன். எப்போதாவது பழைய பேச்சை எடுத்தால், "விட்டுரு கண்ணு" என்பீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் கழிந்த சமயம், முதலாளியின் தோட்டத்து ஷெட்டை இடித்தார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் அந்தக் காரைப் பார்த்தேன். மூக்கு நசுங்கிய மேனிக்கு அப்படியே இருந்தது. மோதிய நாளுக்குப் பிறகு அதை யாரும் ஓட்டவே இல்லை என்று கடைக்காரர் சொன்னார். அன்றைக்கே பேசி முடித்துவிட்டேன். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அந்தச் சனியனை எதுக்கு ஊட்டுக்கு இழுத்துக்கிட்டு வாரே?"

அதை நசுக்கி உருக்கிவிடுவார்கள் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கணபதியில் பழைய கார்களைப் பழுது பார்க்கும் ரங்கசாமி அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஒரு நாள் ஸ்டீரிங் பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்துவிட்டு, "அம்மணி, இங்க வாங்க" என்றார்.

பெட்டிக்குள் ஸ்டீரிங்கோடு சேர்ந்து சுழலும் ஒரு திருகு இருந்தது, அதன் மேல் ஓடும் ஓர் உருளை இருந்தது. வருடக்கணக்கில் நேராக ஓடி ஓடித் திருகின் நடுப்பகுதி தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தது. இரண்டு ஓரங்களிலும் இரும்பை இரும்பு கடித்த வடு.

"நடுவுல தேஞ்சா ஸ்டீரிங் லொடலொடன்னு ஆடுமுங்க. அப்ப புதுசு மாத்தோணும். மாத்தாம மூடி மேல இருக்கிற இந்தச் சின்ன ஸ்குரூவை முறுக்கிட்டா, நேராப் போறப்ப ஆட்டம் நின்ன மாதிரி இருக்கும். ஆனா ஓரம் தேயலை பாருங்க, வளைச்சா அங்க போய் இறுக்கிப் புடிச்சுக்கும்."

"புடிச்சா?"

"அப்புறம் திரும்பி வராதுங்க."

குனிந்து அந்த ஸ்குரூவைத் தொட்டுப் பார்த்தேன், அப்பா. அவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் சொன்ன வாக்கியமும் தெரியாது. அந்த ஸ்குரூ இதற்கு மேல் முறுக்க முடியாது என்கிற அளவுக்கு அடிவரை இறக்கப்பட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "புதுச் சாமான் வாங்கோணும்னு உங்கப்பா மூணு தடவை கேட்டாராம். முந்தின நாளு மில்லு ஒர்க்‌ஷாப்புல என்னமோ முறுக்கிக் கொடுத்துப்போட்டாங்களாம். என்கிட்டச் சொல்லிட்டு, வெளிய சொல்லாதேன்னுட்டாரு" என்றாள்.

ரங்கசாமி அண்ணன் அந்தப் பெட்டியையே சரிசெய்து தருகிறேன் என்றார். "ஒரிஜினலை மாத்திட்டா பழைய வண்டிக்கு மதிப்பே போயிருமுங்க." போகட்டும் என்றேன். அந்தப் பெட்டி இந்த வண்டிக்குள் மறுபடி போகாது. ராக் அண்ட் பினியன் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அது என்னவென்று உங்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். ராக் என்பது பல் வெட்டிய நீளமான தண்டு, பினியன் என்பது அதைத் தள்ளும் சின்னப் பல்சக்கரம். கையின் திருப்பம் சுற்றி வளைக்காமல் சக்கரத்துக்குப் போய்விடும். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்து, ஒரு சின்னக் காரிலிருந்து கழற்றிய ராக்கைப் பிடித்தோம். பம்ப் கம்பெனியில் நான் நாள் முழுக்க வரைபடம் போடுகிறவள். தாங்கு தகடுகளை நானே வரைந்தேன். பெருமையாகப் பொருத்தி, வண்டியை முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்து, ஸ்டீரிங்கை இடது பக்கம் திருப்பினேன். சக்கரங்கள் வலது பக்கம் திரும்பின. ராக்கைத் தலைகீழாகப் பொருத்தும்படி வரைந்திருக்கிறேன்! அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "இதுக்கு இன்ஜினியருக்கு வேற படிச்சிருக்கீங்க."

அதைச் சரிசெய்தால் இன்னொன்று. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது, நாம் திருப்பாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ராக்கின் உயரம் கொஞ்சம் பிசகினாலும் அப்படித்தான் ஆகும். ஜாக்கியில் ஏற்றி, இறக்கி, அளந்து, தகட்டை வெட்டி, மறுபடி பற்றவைத்து, மறுபடி அளந்தோம். நான்கு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகவில்லை. இதோடு விட்டுவிடுங்கள் என்று அண்ணன்கூட ஒரு நாள் சொன்னார். நான் விடவில்லை. விடச் சொல்லிப் பழக்கப்பட்டவர் நீங்கள். எனக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

மாற்றத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து வாங்கிய பிறகு, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி வந்தது. கொண்டுபோனேன். நடுவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் ஸ்டீரிங் இல்லைங்களே, போட்டியில சேத்த முடியாதுங்க" என்றார். மைதானத்தின் கடைசியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். நிறுத்தினேன். வண்டிக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, திறந்த பெட்டியை அதன் மேல் வைத்தேன். பக்கத்தில் ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'இந்த வண்டியின் பழைய ஸ்டீரிங் பெட்டி. தேய்ந்ததை மாற்றாமல் அடிவரை முறுக்கியிருக்கிறார்கள். இதனால்தான் விபத்து. ஓட்டியவர் குடித்திருக்கவில்லை.'

மத்தியானம் முதலாளியின் மகன் வந்தார். அறுபதைத் தாண்டியிருப்பார். இப்போது மில் அவர் கையில். "இது எங்க வண்டியாச்சுங்களே அம்மணி" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், அட்டையைப் படித்தார். நான் யாரென்று சொன்னேன்.

"இதையெல்லாம் இங்க வைக்கோணுமுங்களா? எங்கப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருசம் ஆச்சு."

"எங்கப்பாவும் போயிட்டாருங்க. அவரு மேல போட்ட பழி மட்டும் போகலை."

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குரலை இறக்கி, "இதை முறுக்கறப்ப நான் பக்கத்துலதான் நின்னேனுங்க. உங்கப்பா வேண்டாம்னு சொன்னாரு. நாளைக்குக் கோயிலுக்குப் போகோணும், முறுக்குன்னு எங்கப்பா சொல்லிட்டாரு" என்றார்.

"குடிச்சிருந்தாருன்னு சொன்னது யாருங்க?"

"பெட்டியை உள்ள எடுத்து வைங்க. ஊட்டுக்கு வந்து பேசறேன்" என்றார்.

"வாங்க. இது சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கும்."

இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, சபை முடிந்து ஆட்கள் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் கார் நம் தெருவுக்குள் வந்தது. இறங்கியவர், சட்டென்று வீட்டுக்குள் போய்விடப் பார்த்தார். அம்மா வாசற்படியை விட்டு நகரவில்லை. அந்த வீட்டு ஆட்களை வாழ்நாள் முழுக்க 'சாமி' என்று அழைத்தவள் அவள். அன்று அப்படி அழைக்கவில்லை.

"ஏனுங்க, என்ற ஊட்டுக்காரரைப் பத்திச் சொன்னது வீதியிலதானுங்க. இதையும் வீதியிலயே சொல்லிப்போடுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு டிரைவர் குடிக்கலைங்க. வண்டியிலதான் கோளாறு. எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் மாத்திச் சொல்லிட்டோமுங்க" என்றார்.

"கடைசி ஊட்டுக்குக் கேக்கலைங்க. இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள் அம்மா.

அவர் இன்னொரு முறை சொன்னார், இந்த முறை சத்தமாக. விபத்து நடந்த வாரம் சபையில் எழுந்து நின்று உங்களுக்காக ஜெபித்தவர்களில் ஒரு பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து முதலாளி மகனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது என்னிடம், "வண்டியை எங்களுக்கே கொடுத்துருங்களேன். பழைய மாதிரியே ஆக்கி வச்சுக்கறோம்" என்றார்.

"பழைய மாதிரி ஆகாதுங்க" என்றேன்.

போன மாதம் உங்கள் கல்லறைக்குக் கல் வைத்தோம். பெயருக்குக் கீழே 'டிரைவர்' என்று செதுக்கச் சொன்னேன். கல் வேலைக்காரர், 'வாகன ஓட்டுநர்' என்றால் கௌரவமாக இருக்குமே என்றார். டிரைவர் என்றே போடுங்கள் என்றேன். அதைவிடக் கௌரவமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. முதலாளியின் மகனை வீதியில் நிற்க வைத்தோமே, நானும் என் பங்குக்கு நிற்க வேண்டும்.

விபத்து நடந்த அந்த வாரம், ஒரு மத்தியானம், கட்டிலில் படுத்திருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொன்னது என் காதிலேயே இருந்தது. நீங்கள் தூங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து, உங்கள் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தேன். நீங்கள் தூங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே வாயை நன்றாகத் திறந்து, எனக்காக மெதுவாக ஒரு மூச்சு விட்டீர்கள். மாத்திரை வாசனை மட்டும்தான் இருந்தது. நான் எழுந்து வெளியே ஓடிவிட்டேன். அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

முதலாளியின் மகன் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. எனக்கு அந்த ஒரு மூச்சில் நீங்களே சொல்லிவிட்டீர்கள், பதினோரு வயதிலேயே. தெரிந்துகொண்டும் இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

இனி இருக்க மாட்டேன், அப்பா.