அராவிய பச்சைத் தகடுகள்

மருதனார்மடம்
14.2.1988

அன்பு மகள் அருந்ததிக்கு,

அப்பாவை இந்தியன் ஆமிக்காரர் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய் நேற்றுப் பின்னேரம்தான் விட்டார்கள். கைகால் முழுதாக இருக்கிறது, சாப்பிடுகிறார், ஆனால் யாராவது படலையைத் திறந்தால் எழும்பி நிற்கிறார். நீ அங்கே சுகமாயிருக்க ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

காரணம் நான். எனக்குப் பழைய சாமான் கொண்டுவருகிற பருத்தித்துறைச் சிமியோன் தை மாதம் ஒரு சாக்குப் பச்சைத் தகடு கொண்டுவந்தான். "உது கொழும்பிலை ஒரு கப்பல் கந்தோரின்ரை பழைய கொம்பியூட்டர் அக்கா, விளிம்பெல்லாம் தங்கப் பூச்சு, யோசியாதேங்கோ" என்றான். நான் பூச்சைப் பார்த்தேன், வாங்கினேன். எந்தச் சாமான் வந்தாலும் பெயரையும் நம்பரையும் அரத்தால் அராவிவிட்டுத்தான் கடையில் வைப்பேன், பழைய சொந்தக்காரன் வந்து உரிமை கேட்கக்கூடாது என்று, இருபது வருடப் பழக்கம். இதையும் அராவினேன். கடையைச் சோதிக்க வந்தவர்கள், இது வயர்லெஸ் தகடு, எங்கிருந்து வந்தது, களவில்லாவிட்டால் ஏன் அராவியிருக்கிறது என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கமுதல் அப்பா "நான்தான் அராவினனான்" என்று சொல்லிவிட்டார். அரத்தை எந்தப் பக்கம் பிடிக்கிறதென்று தெரியாத மனிசன். இனி நான் உண்மையைச் சொன்னால் இரண்டுபேரும் பொய்யர். சிமியோனின் வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஒரு தகடு மட்டும் சாக்கின் மடிப்புக்குள் கிடந்து தப்பியிருக்கிறது. அதன்மேல் பட்டம் கட்டுகிற தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்து, நம்பர் எல்லாம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீ கொம்பியூட்டர் திருத்துகிற இடத்தில் இருக்கிறாய், எந்த மெசினின் தகடு, எந்த நாட்டில் செய்தது என்று அங்குள்ள பெரியவர்களைக் கேள். கந்தோரில் கணக்குப் பார்க்கிற மெசின்தான் என்றால் உங்கள் கொம்பனிப் பெயர் அச்சடித்த கடதாசியில் சீல் குத்தி வாங்கி அனுப்பு. வயர்லெஸ் என்று கண்டால் ஒன்றும் விளக்கி எழுதாதே, தபாலை உடைத்துப் பார்க்கிறார்கள், அம்மாவுக்குச் சேலை கிடைக்கவில்லை என்று மட்டும் எழுது. சிமியோன் பொய் சொல்லியிருக்கமாட்டான் என்று பகலில் நினைக்கிறேன். இந்தக் கடிதத்தைச் செல்வநாயகி ரீச்சர் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் போடுகிறா.

நன்றாயிரு பிள்ளை, அந்தக் குளிருக்குள் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, கடவுள் உன்னைக் காக்கட்டும். தாளை நனையவிடாதே. தவணையையும் மறவாதே. அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து காட்டக் காம்பில் பெரியவர் ஒரு மாதம் என்றார், நான் மூன்று கேட்டேன், மொழிபெயர்க்க நின்றவன் "அம்மா, உது மீன் சந்தையில்லை" என்றான், இரண்டில் முடிந்தது. சித்திரை வருசப்பிறப்புக்கு முதல்நாள் பின்னேரம் வரை. அதுவரைக்கும் திங்களுக்குத் திங்கள் அப்பா காம்பில் கையெழுத்து வைக்கவேண்டும். அன்றைக்கும் கடதாசி இல்லையென்றால் அவரை நானே கூட்டிக்கொண்டுபோய் ஒப்படைப்பதாக ஒப்பம் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா
மகாதேவி