புங்க எண்ணெயும் ஒரு கேன் டீசலும்

1990, மார்கழி 3, செவ்வாய்

தம்பியின் கிணற்று டீசல் என்ஜினைக் கெடுத்தது நான். அவன் வாங்கி வைத்த டீசலை ஊற்றவில்லை. புங்க எண்ணெய் ஊற்றினேன். சொல்லவும் இல்லை.

பனி. வரப்பே தெரியவில்லை. இருமல்.

குவைத்துச் சண்டை வந்ததிலிருந்து ஓசூர் பெட்ரோல் பங்கில் கேனோடு வரிசை. நம் வரப்பில் புங்க மரம் நிற்க, அடுத்த நாட்டு எண்ணெய்க்கு ஏன் கையேந்த வேண்டும் என்று டீக்கடையில் கேட்டேன். சிரித்தார்கள். ஒருவன் கன்னடத்தில் ஏதோ சொல்ல, இன்னும் சிரிப்பு. தம்பிக்குக் கம்பெனியில் முதல் ஷிப்ட். முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என் பொறுப்பு. வாய்ப்பு என்று நினைத்தேன்.

நேற்று முழுக்க ஓடியது. புகை அதிகம், ஆனால் ஓடியது. இன்று காலை குளிரில் எண்ணெய் உறைந்து கிடந்தது. கைப்பிடி சுற்றித் தோள் போயிற்று; என்ஜின் கிளம்பவில்லை.

மார்கழி 4, புதன்

மெக்கானிக் வருமுன் டேங்க்கைக் கழுவிவிட்டேன். எண்ணெய் பீய்ச்சும் நாசில் முழுக்கப் பிசின். டீசலில் கலப்படம் என்றான். தம்பிக்கு என் மேல் சந்தேகமே இல்லை.

"பங்க்ல அந்த முனிராஜ்தான் எதையோ கலந்து ஊத்திட்டாண்ணா. ஓனருகிட்ட சொல்லி வேலைய விட்டே தூக்கறேன் பாருங்க."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

கோஸ் இலை ஓரம் சுருள்கிறது. காளைகளுக்குப் பருத்திக்கொட்டை வாங்க மறந்தேன்.

மார்கழி 6, வெள்ளி

தம்பி ஷிப்டில். முனிராஜ் வீடு தேடி வந்தான். நாளையோடு நின்றுகொள் என்று ஓனர் சொல்லிவிட்டாராம். மோர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"பெரியவரே, அந்த டீசலு கொஞ்சம் மிச்சம் இருந்தாக் குடுங்க. ஓனருகிட்டக் காட்டறேன். அது போதும் எனக்கு."

இல்லை என்றேன்.

வைக்கோல் போருக்குப் பின்னால் கேன் முழுசாக இருக்கிறது. இது இல்லாமலே ஓட்டினேன் பார் என்று தம்பி முன் வைக்க எடுத்து வைத்தது.

நான் டீக்கடையில் சொன்னது தப்பில்லை. புங்க எண்ணெயில் ஓட்ட நாட்டால் முடியும். டீசலில் கிளப்பி, சூடேறிய பின் புங்க எண்ணெய்க்கு மாற்றியிருக்க வேண்டும். அது பிறகு.

இப்போது:

தம்பியிடம் சொல்வது – நான். ஷிப்ட் விட்டு வந்ததும், அவன் சட்டை மாற்றுமுன்.
கேனோடு ஓனரிடம் போவது – நான். தம்பி வந்தால் அவனும். நாளை முதல் பஸ்.
நாசில், பம்ப் – மெக்கானிக். செலவு என்னுடையது.
கோஸுக்குத் தண்ணீர் – காளைகள், கிணற்றில் நீர் இறைக்கும் பழைய கவலை ஏற்றம். ஓட்டுவது நான்.
புங்க மரம் நடுவது – சர்க்கார்.
என்ஜின் நின்றுபோனதை டீக்கடையில் சொல்வது – நான்.